மெர்வின் வெள்ளைப் பேனா

மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை பத்தரை மணிக்கு, நொரீன் தன் செத்துப்போன புருஷன் மெர்வுடைய வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு லயலின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவள். டிரெய்லரை ஒரே வீச்சில் பின்னுக்குத் தள்ளி, ஷெட்டு வாசலில் ஒரு சாண் இடைவெளி விட்டு நிறுத்தினாள்.

"என்ன, சாமி செல மாதிரி நிக்கிற? வந்து கயித்த அவுரு," என்றாள்.

லயல் அவிழ்த்தான். தார்ப்பாயை இழுத்ததும் இரண்டு வருஷத்துத் தூசி மொத்தமும் அவன் மூக்கில் ஏறியது. எண்பத்தைந்தாம் வருஷத்து டொயோட்டா. பின்னால் திறந்த தட்டு, முன்னால் கங்காரு மோதினால் தாங்குகிற இரும்புத் தடுப்பு. ஒரு காலத்தில் வெளிர் பழுப்பாக இருந்த வண்டி. இப்போது இருக்கையை எலி தின்றிருந்தது, கதவோரம் முழுக்கத் துரு, முன் அச்சு ஒரு பக்கம் ஒடிந்து சக்கரம் கோணிக்கொண்டு நின்றது. சேஸியின் இடுக்குகளில் சிவப்பு மணல் இன்னமும் இருந்தது. அது சிம்ப்சன் பாலைவனத்து மணல் என்று லயலுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

"இத சரி பண்ணிக் குடு," என்றாள் நொரீன். "மே கடைசியில கிளம்பணும். அவன் சாம்பல் பெட்டி ரெண்டு வருஷமா ஃப்ரிட்ஜ் மேல கிடக்கு. அவன் தலைமேல இன்னும் எத்தனை நாளைக்கு ரொட்டி பாக்கெட்ட வைக்கிறது? அவன் செத்த எடத்துலயே கொண்டுபோய்க் கொட்டிட்டு வந்துடறேன். இந்த வண்டியிலயே."

"தனியாவா போற?"

"அவன் தனியாத்தான போனான்? பயப்படாத. நான் ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பாத்துட்டுத்தான் ஏறுவேன். அவன மாதிரி இல்ல."

லயல் வண்டிக்கு அந்தப் பக்கம் போய்ச் சங்கிலியைக் கழற்றுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவன மாதிரி இல்ல. இந்த வார்த்தைதான் இரண்டு வருஷமாக அவனைத் தின்றுகொண்டிருந்தது. மெர்வ் சிம்ப்சனில் தனியாகப் போய், மணல்மேடு ஒன்றில் அச்சு ஒடிந்து, ரேடியோக் கம்பமும் முறிந்து மாட்டிக்கொண்டான். வண்டியை விட்டு நடக்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்துச் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விதி. மெர்வும் வண்டியை விட்டு நகரவில்லை. தட்டுக்கு அடியில் பொருத்திய டேங்கில் எண்பது லிட்டர் தண்ணீர் இருக்கிறது, யாராவது தேடி வரும்வரை தாராளமாகப் போதும் என்றுதான் இருந்திருப்பான். குழாயைத் திறந்தபோது சொட்டுகூட வரவில்லை. டேங்கின் வாயில் மாட்டிய ரப்பர் குழாய், வழிநெடுக வண்டி குலுங்கிய குலுங்கலில் கழன்று, தண்ணீர் முழுதும் எப்போதோ மணலுக்குப் போயிருந்தது. கையில் இருந்தது ஒரு பத்து லிட்டர் கேன். ஒன்பதாம் நாள்தான் ஆட்கள் போய்ச் சேர்ந்தார்கள்.

விசாரணையில், புறப்படுமுன் தண்ணீர் டேங்கை உரிமையாளர் சரிபார்க்கவில்லை என்று எழுதினார்கள். அவ்வளவுதான். நாற்பது வருஷம் ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டு முறை தொட்டுப் பார்த்த மனுஷன், ஊர் வாயில் ஞாபகமறதிக்காரன் ஆகிப்போனான். மதுக்கடையில் யாராவது சாவியை வண்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டால், "மெர்வ் பண்ணிட்டியாடா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். ஒருநாள் லயலும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டான். சேராமல் இருந்தால் யாராவது முகத்தைப் பார்த்துவிடுவார்களோ என்ற பயம்.

காரணம், அந்தக் குழாயை மாட்டியவன் லயல்.

இங்கே பேனாக் கதையைச் சொல்லியாக வேண்டும். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், லயலும் மெர்வும் இந்த ஷெட்டில் சேர்ந்து பழுது பார்த்த வண்டி ஒன்றின் முன்சக்கரம், நட்டு முறுக்க மறந்ததால் நடுரோட்டில் கழன்று ஓடியது. யாரும் சாகவில்லை; ஒரு வேலியும் இரண்டு ஆடும் போயின. அன்றிலிருந்து இருவருக்கும் ஒரு சட்டம். லயல் முறுக்குவான், முறுக்கி முடித்ததும் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் நட்டின் மேல் ஒரு கோடு போடுவான். மெர்வ் பின்னாலேயே வந்து ஸ்பேனர் வைத்து இழுத்துப் பார்ப்பான். சரியாக இருந்தால் மஞ்சளை வெட்டி ஒரு வெள்ளைக் கோடு. தளர்ந்திருந்தால் அதைச் சுற்றி ஒரு வெள்ளை வட்டம். வட்டம் போட்டதை லயல் மறுபடி செய்ய வேண்டும். மெர்வுக்கு வலது தோள் சரியில்லை, கோடு போட்டு முடிக்கையில் கை ஒரு சுண்டு சுண்டும். அதனால் அவன் கோடுகளின் நுனியில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும். அந்தப் பேனா எப்போதும் அவன் காதில் செருகியிருக்கும். எழுதுமுன் அதைக் குலுக்க வேண்டும். உள்ளே இருக்கும் குண்டு கடகடவென்று ஓடும். ஷெட்டில் அந்தச் சத்தம் கேட்டால் மெர்வ் பின்னால் வந்துவிட்டான் என்று அர்த்தம்.

அந்தத் தண்ணீர் டேங்கை மாட்டிய நாள், செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை. ஃபுட்பால் இறுதிப் போட்டி ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்தது. லயல் சக்கரப் பலகையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் இருந்தான். குழாயை டேங்க் வாயில் செருகி, அதைக் கவ்விப் பிடிக்கிற உலோக வளையமான கிளிப்பைக் கையால் சுற்றினான். கையில் பேனா இருந்ததால் மஞ்சள் கோட்டை முதலிலேயே போட்டுவிட்டான். ஸ்க்ரூ டிரைவரை எடுக்கப் போன நேரத்தில் கூட்டம் ஹோவென்று கத்தியது. கடைசிக் கால்பகுதி, ஆறு புள்ளி வித்தியாசம். பலகையை உருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

ஆட்டம் முடிந்து, இரண்டு பீரும் முடிந்தபின், மெர்வ் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து வெள்ளைக்கோடு போட்டுக்கொண்டு வந்தான். அந்த ஒரு கிளிப் மட்டும் டேங்குக்கு மேலே, எட்டாத மூலையில் இருந்தது. அவன் தோள் அவ்வளவு தூரம் மடங்காது. குச்சியில் கட்டிய கண்ணாடியை நீட்டிப் பார்த்தான். மஞ்சள் கோடு தெரிந்தது.

"அது ஆச்சா?" என்று கேட்டான்.

"ஆச்சு," என்றான் லயல்.

காலையில் முறுக்கிக்கொள்ளலாம் என்றுதான் சொன்னான். சோம்பல், வேறொன்றுமில்லை. காலையில் மறந்துவிட்டான்.

"நீ சொன்னா சரி," என்று மெர்வ் பேனாவைக் காதில் செருகிக்கொண்டான்.

வண்டியைப் பாலைவனத்திலிருந்து இழுத்து வந்து நொரீன் வீட்டுப் பின்னால் இறக்கிய அன்று, லயல் உதவிக்குப் போயிருந்தான். யாரும் பார்க்காத நேரத்தில் அடியில் ஊர்ந்து பார்த்தான். கிளிப், தளர்ந்த வளையலாகக் குழாயில் தொங்கியது. டேங்கின் வாயைச் சுற்றி ஒரு பெரிய வெள்ளை வட்டம். எட்டாத அந்தத் தோளை எப்படித்தான் எட்ட வைத்தானோ. தண்ணீர் இல்லாமல் கிடந்த அந்த நாட்களில் ஒருநாள், மெர்வ் வண்டிக்கு அடியில் புகுந்து, கடைசியாகச் செய்த வேலை அது.

லயல் அந்த வட்டத்தைத் தின்னர் போட்டுத் துடைத்தான். கிளிப்பைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். அது இப்போது ஷெட்டு அலமாரியில், பழைய புகையிலை டப்பா ஒன்றுக்குள் கிடந்தது.

போலீஸ்காரர்கள் நொரீனிடம் ஒரு காகிதப் பையைக் கொடுத்தார்கள். கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, வெள்ளைப் பேனா. பேனாவை அவள் சாம்பல் பெட்டிக்குள்ளேயே போட்டு மூடிவிட்டாள். அது இல்லாமல் அவன் அரை ஆள் என்றாள்.

ஆக, லயலின் ஷெட்டில் வெள்ளைப் பேனா கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை ஆரம்பமானது. லயலுக்கு மனைவி இல்லை, பத்து வருஷத்துக்கு முன்பே அடிலெய்டுக்குப் போய்விட்டாள். நாயும் இல்லை. ஆகவே நாய் ஊளையிட்டது, வாசலில் நின்று குரைத்தது என்றெல்லாம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பட்டப்பகலில், தகரக் கூரை வெயிலில் டிக் டிக்கென்று விரிகிற ஓசைக்கு நடுவில்தான் எல்லாம் நடந்தது.

முதல் வாரம் பிரிக்கிற வேலை. தட்டைத் தூக்கி எடுத்தான். இருக்கைகளை வெளியே எறிந்தான். சேஸியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தான். சிவப்பு மணல் இடுக்குகளிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தது. வாளி வாளியாக வெளியே கொண்டுபோய்க் கொட்டினான். ஒரு வண்டிக்குள் இவ்வளவு மணல் எப்படிப் பிடித்தது என்று அவனுக்குப் புரியவில்லை.

நான்காம் நாள் பழைய தண்ணீர் டேங்கைக் கழற்றப் போனான். பலகையில் படுத்து உள்ளே உருண்டு, விளக்கை மேலே திருப்பினான்.

டேங்கின் வாயைச் சுற்றி வெள்ளை வட்டம் இருந்தது.

சரியாகத் துடைக்கவில்லை போலிருக்கிறது, வெயிலில் மறுபடி வெளியே தெரிகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். தின்னர் போட்டு அழுத்தித் துடைத்தான். துணியில் வெள்ளை வந்தது. ஈர வெள்ளை. பழைய பெயிண்ட் அப்படிக் குழையாது. அதை அவன் யோசிக்க விரும்பவில்லை. டேங்கைக் கழற்றி, வீட்டுக்குப் பின்னால் முள்ளுக்காட்டில் போட்டுவிட்டு வந்தான்.

ஏப்ரலில் புதுச் சாமான்கள் வந்தன. வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்துவதற்குக் கனமான கமான் பட்டைகள், இரண்டாவது டீசல் டேங்க், வெள்ளத்திலும் எஞ்சின் மூச்சு விடக் கூரை உயரத்துக்குக் காற்றுக்குழாய், புது முன் அச்சு. மெர்வும் அவனும் பீர் குடித்துக்கொண்டு செய்வோம் செய்வோம் என்று பேசிய மாற்றங்கள்தான் இவை எல்லாம். இப்போது ஒற்றை ஆளாகச் செய்தான். பழக்கதோஷம், மஞ்சள் பேனாவை எடுத்து ஒவ்வொரு நட்டுக்கும் கோடு போட்டான். இம்முறை முறுக்கிய பிறகுதான் போட்டான். இரண்டு முறை முறுக்கினான்.

கமான் பட்டைக்குப் பதினாறு நட்டு. பதினாறு மஞ்சள் கோடு. வீட்டுக்குள் போய் ரொட்டியும் குளிர்ந்த ஆட்டிறைச்சியும் தின்றுவிட்டு இருபது நிமிஷத்தில் திரும்பினான்.

பதினாறிலும் மஞ்சளை வெட்டிக்கொண்டு வெள்ளைக் கோடு.

ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சின்னக் கொக்கி.

லயல் விரலால் தொட்டான். ஒட்டியது.

ஷெட்டைச் சுற்றி வந்தான். தெருவரை போய்ப் பார்த்தான். முந்நூறு பேர் வசிக்கிற ஊர். அந்த மத்தியான வெயிலில் தெருவில் ஈ காக்கை இல்லை. நொரீனுக்குப் போன் போட்டான்.

"இந்தப் பக்கம் வந்தியா?"

"நான் எதுக்கு வர்றேன்? பேத்திக்கு அம்மை, ரெண்டு நாளா போர்ட் அகஸ்டால இருக்கேன். ஏன்?"

"ஒண்ணுமில்ல. அந்தப் பேனா... மெர்வோட பேனா, பெட்டிக்குள்ளதான இருக்கு?"

"அதுல ஸ்க்ரூ போட்டு மூடியிருக்கு. உனக்கு என்ன, வெயில்ல மூளை உருகுதா? தொப்பி போட்டுட்டு வேலை செய்."

அதன்பின் ஷெட்டைப் பூட்டிவிட்டுத்தான் சாப்பிடப் போனான். பூட்டினால் என்ன? திரும்பி வரும்போதெல்லாம் வெள்ளைக் கோடு காத்திருந்தது. அச்சுக்கு, ஸ்டியரிங்குக்கு, டீசல் டேங்குக்கு. ஒருநாள் வேண்டுமென்றே ஒரு நட்டைத் தளர்வாக விட்டு மஞ்சள் போட்டான். போய்விட்டு வந்தால் அதைச் சுற்றி வட்டம். முறுக்கினான். அரை மணி கழித்துப் பார்த்தால் வட்டத்துக்குள் கோடு விழுந்திருந்தது.

ஒரு விதத்தில் அது நல்ல கூட்டுவேலை. லயலுக்கே சில சமயம் பயம் மறந்து, "அந்தப் பக்கம் பாத்துட்டியா?" என்று கேட்க வாய் வரும். அப்புறம் ஸ்பேனரைப் போட்டுவிட்டு வெளிச்சத்துக்கு வந்துவிடுவான்.

மே இரண்டாம் வாரம் புதுத் தண்ணீர் டேங்கை மாட்டினான். துருப்பிடிக்காத எஃகு, நூறு லிட்டர். குழாய்க்கு ஒன்றுக்கு இரண்டாகக் கிளிப். உள்ளங்கை தோல் உரிகிற வரை முறுக்கினான். குழாயைப் பிடித்து வண்டியே அசைகிற அளவுக்கு இழுத்துப் பார்த்தான். மஞ்சள் கோடு போட்டான். வெளியே உருண்டு வந்து, எழுந்து, கை துடைத்தான்.

கடகட. கடகட.

வண்டிக்கு அடியிலிருந்து வந்தது அந்தச் சத்தம்.

நின்றது.

லயல் படுத்து உள்ளே போனான். கிளிப்பைச் சுற்றி வட்டம்.

"இறுக்கமாத்தான்டா இருக்கு," என்றான் சத்தமாக. துடைத்தான். இன்னும் கால் சுற்று முறுக்கினான். வெளியே வந்தான். கடகட. வட்டம். கிளிப்பையே மாற்றினான். வட்டம். மறுநாள் குழாயையும் மாற்றினான்.

வட்டம்.

மூன்றாம் நாள், சூரியன் கூரைக்கு நேர் மேலே நின்ற நேரம், துடைத்துவிட்டு வெளியே வராமல் அங்கேயே கிடந்தான். கண் கொட்டாமல் கிளிப்பையே பார்த்துக்கொண்டு கிடந்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போது எவன் வந்து போடுகிறான் பார்ப்போம் என்று ஒரு வறட்டு வீம்பு.

கூரையின் டிக் டிக் நின்றது.

காற்று சூடானது. ஷெட்டுச் சூடு இல்லை இது. அடுப்புக் கதவைத் திறந்த மாதிரியான சூடு. கிரீஸ் வாசனை போய், காய்ந்த மணல் வாசனையும், அதற்குள் புளித்துப்போன இன்னொரு வாசனையும் வந்தது. லயலின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

இடது பக்கம், பின்சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில், இரண்டு பூட்ஸ்.

குதிகால் தரையில். நுனி கூரையைப் பார்த்து. யாரோ அவனுக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்திருந்தார்கள்.

லயல் தலையைத் திருப்பவில்லை. திருப்ப முடியவில்லை.

காதுக்கு மிக அருகில், கடகட.

பிறகு ஒரு குரல். எச்சில் துளிகூட இல்லாத வாயிலிருந்து, ஒவ்வொரு எழுத்தையும் உரித்து எடுக்கிற குரல்.

"அது... ஆச்சா?"

லயலின் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"ஆகல," என்றான். "ஆகல, மெர்வ். அன்னிக்கே ஆகல."

பூட்ஸின் நுனி மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கூரை மறுபடி டிக்கென்றது. அவன் திரும்பிப் பார்த்தபோது சிமென்ட் தரையில் ஆள் நீளத்துக்குச் சிவப்பு மணல் பரவிக் கிடந்தது.

செத்தவனிடம் சொல்லியாயிற்று. இனி உயிரோடு இருப்பவளிடம்தான் சொல்ல வேண்டும். அதற்குத்தான் வட்டம் என்று லயலுக்குச் சந்தேகமே இல்லாமல் புரிந்தது. மறுநாள் காலை நொரீனை வரச் சொன்னான்.

அவள் டீக்கோப்பையுடன் கவிழ்த்த பீர் பெட்டி ஒன்றில் உட்கார்ந்தாள். லயல் புகையிலை டப்பாவைத் திறந்து அவள் மடியில் வைத்தான்.

"இது என்ன?"

"பழைய டேங்க்கோட கிளிப். அத நான் முறுக்கல, நொரீன். மஞ்சக் கோட்ட மட்டும் போட்டுட்டு மேட்ச் கேக்க எந்திரிச்சுப் போயிட்டேன். அப்புறம் மறந்துட்டேன். அவன் தண்ணியில்லாம செத்ததுக்குக் காரணம் நான்தான்."

நொரீன் கிளிப்பை எடுத்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். எழுந்து வந்து, டீக்கோப்பையை மேசையில் கவனமாக வைத்துவிட்டு, அவன் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். பஸ் ஓட்டின கை. லயல் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ரெண்டு வருஷம்," என்றாள். "ரெண்டு வருஷம் என் வீட்டு மேசையில உக்காந்து சோறு தின்ன."

"ஆமா."

அவள் அழுதாள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள். அவள் கண்ணில் கோபம் இருந்தது. அதற்கு மேல் ஏதோ ஒரு ஆசை இருந்தது. கெஞ்சல் மாதிரி.

"அவன் கேட்டிருப்பானே, லயல். எட்டலேன்னா கேப்பான். கதவ சாத்திட்டியான்னு ராத்திரி என்னையே மூணு தடவ கேக்கறவன். உன்ன கேட்டானா? அத மட்டும் சொல்லு. அது ஆச்சான்னு அவன் கேட்டானா இல்லியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் மெர்வ் பழையபடி மெர்வ் ஆகிவிடுவான், கடைசிவரை சரிபார்த்த மனுஷன். ஆனால் லயல் அந்த நொடியில் மறந்தவனாக இருக்க மாட்டான். கேட்டதற்குப் பொய் சொன்னவனாகிவிடுவான். மறதியை அவள் ஒருநாள் மன்னிக்கலாம். இதை மன்னிக்க மாட்டாள்.

"இல்ல," என்றான். "கேக்கல."

நொரீனின் தோள்கள் இறங்கின.

"அப்போ அவனும்தான் கோட்ட விட்டிருக்கான்," என்றாள் மெதுவாக. "கிழட்டு மடையன். அன்னிக்குன்னு பாத்து மெர்வ் பண்ணிட்டான்." கசப்பாக ஒரு சிரிப்பு வந்தது. பிறகு, அவன் சற்றும் எதிர்பார்க்காதபடி, தான் அறைந்த கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள். "மறதி யாருக்கு இல்ல? இப்பவாச்சும் சொன்னியே."

அந்தத் தட்டலை வாங்கிக்கொண்டு நின்றதுதான் லயல் தன் வாழ்நாளில் செய்த மிகக் கேவலமான காரியம். அது அவனுக்கும் தெரியும்.

அவள் போனபின் வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்தான். கிளிப்பைச் சுற்றி வட்டம் இல்லை. எந்த நட்டிலும் புதிதாக எதுவும் இல்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த பத்து நாளும் ஷெட்டில் கூரைச் சத்தம் தவிர வேறு சத்தம் கிடையாது. பாதி சொன்னதே போதும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, வண்டிக்குப் புதுப் பழுப்பு நிறம் அடித்து முடித்தான். அழகாகத்தான் வந்திருந்தது.

மே கடைசிச் செவ்வாய்க்கிழமை காலை நொரீன் கிளம்பினாள். சொன்னபடியே படுத்து, உருண்டு, ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பார்த்தாள். சாம்பல் பெட்டியைப் பக்கத்து இருக்கையில் வைத்து பெல்ட் மாட்டினாள்.

"ரேடியோவ போட்டு வை. ஊர் எல்லையில இருக்கற வேலி கேட்டுகிட்ட இருந்து கூப்பிடறேன்," என்று கை காட்டினாள். வண்டி மண் தெருவில் திரும்பி மறைந்தது.

லயல் வேலைமேசையில் இருந்த ரேடியோவை முடுக்கிவிட்டு, காலியான ஷெட்டின் நடுவில் நின்றான். நாலு டயர் தடம் மட்டும் மிச்சம். கால் மணி நேரத்தில் கரகரவென்று குரல் வந்தது.

"லயல், கேக்குதா? வேலி கேட்ட தாண்டப் போறேன். இதுக்கு மேல ரேடியோ எட்டாது. வண்டி வெண்ணெய் மாதிரி போகுது."

"கேக்குது," என்றான். "பாத்துப் போ."

"அங்க போய் அவன்கிட்ட நாலு வார்த்தை திட்டிட்டுத்தான் கொட்டுவேன். ஏன்டா அன்னிக்கு மட்டும் கேக்காம விட்டுட்டன்னு." எஞ்சின் ஓசை. "லயல், என்கிட்ட சொல்ல வேண்டியது எல்லாம் சொல்லிட்டியா? இப்ப சொன்னா உண்டு."

லயல் மைக்கின் பொத்தானில் விரலை வைத்தான். கேட்டான், நொரீன், அவன் கேட்டான். ஐந்து வார்த்தைகூட இல்லை. தொண்டைவரை வந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"லயல்? எல்லாம் ஆச்சா?"

"ஆச்சு," என்றான் லயல்.

"நீ சொன்னா சரி," என்றது ரேடியோ. அதன்பின் வெறும் இரைச்சல்.

மைக்கைக் கீழே வைத்தான். கூரையின் டிக் டிக் நின்றிருந்தது. காய்ந்த மணல் வாசனை வந்தது.

வண்டி போய்விட்டது. பெட்டி போய்விட்டது. பெட்டிக்குள் பேனாவும் போய்விட்டது.

அவன் முதுகுக்குப் பின்னால், நெருக்கத்தில், கடகட. கடகட.

பிறகு ஈரமான, சில்லென்ற முனை ஒன்று அவன் மேலுதட்டின் ஓரத்தில் வந்து பதிந்தது. அவசரமில்லாமல், கன்னத்தை ஒட்டி, தாடைக்குக் கீழே இறங்கி, அவன் வாயைச் சுற்றி வட்டம் போடத் தொடங்கியது.